சினிமா கேலி நம்ம வாயில ஏறி உக்காந்துருச்சுங்க: ஒரு டீ-சர்ட் ஆர்டர் பத்தி உங்க கருத்து வேணும்

நொய்யல்கரை (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கமுங்க. திருப்பூர்ல சின்னதா ஒரு பிரிண்டிங் பட்டறை வெச்சிருக்கேன். ரெண்டு டேபிள், ஆறு பேரு. ஏற்றுமதி வேலையெல்லாம் நம்ம கைக்கு வராது. உள்ளூர் மார்க்கெட்டு, காலேஜ் விழா, கோயில் நோம்பிக்குப் போடற சட்டை, இதுதான் பொழப்பு.

போன வியாழக்கிழமை ஒரு பார்ட்டி வந்து ஆறு டிசைன் குடுத்தாரு. டிசைனுக்கு 100 பீஸ், ஆக 600. ஆறுமே சினிமா காமெடியில வர்ற வார்த்தைங்கதான். அஞ்சு டிசைனப் பாக்கையில எனக்கே சிரிப்பு வந்துருச்சு. ஆறாவத எடுத்ததும் சிரிப்பு நின்னு போச்சு. ஒரு கரிச்சட்டிய வரைஞ்சு, அதுக்குக் கண்ணு, காது எல்லாம் வெச்சு, கீழ பெரிய எழுத்துல "சட்டித்தலையா"ன்னு போட்டிருக்கு.

2003-ல நான் ஒரு பனியன் கம்பெனியில அயர்ன் டேபிள்ல இருந்தேன். தைப்பூசம் முடிஞ்ச வாரம் கைமடிக்க, அதாவது தைக்கறவங்களுக்குப் பக்கத்துல நின்னு பீஸ மடிச்சுக் குடுக்க, ஒரு பையன் புதுசா வந்தான், பதினெட்டு வயசு இருக்கும். பழனிக்கு நடந்து போயி மொட்டை போட்டுட்டு வந்த தலை. நல்ல கருப்பு, காது ரெண்டும் எடுப்பா இருக்கும். அவன் உள்ள வந்து அஞ்சு நிமிசம் ஆகல, நான் அந்த வார்த்தையச் சொன்னேன். பவர்டேபிள்ல தைக்கற லைன் மொத்தமும் சிரிச்சுது. அவனும் சிரிச்சான். அன்னைக்கிருந்து அவன் பேரு சட்டி. "சட்டி, பீஸ எடுத்துப் போடு." "சட்டி, டீ வாங்கிட்டு வா."

மூணாவது சனிக்கெழம சம்பளம் போடறப்ப, கான்ட்ராக்ட் எடுத்திருந்தவரு நோட்டுல அவன் கணக்குக்கு நேரா "சட்டி"ன்னே எழுதி வெச்சிருந்தாரு. கையெழுத்துப் போடாம பையன் நின்னான். "என்ற பேர எழுதுங்ணா"ன்னான். சத்தமே வரல. பின்னால சம்பளத்துக்கு நின்னவங்க "சீக்கிரம் போடுறா சட்டி"ங்கறாங்க. போட்டுட்டுப் போனான். திங்கக்கெழம வரல. அதுக்கப்புறம் அவன நான் பாக்கவே இல்ல.

இப்ப அந்த வார்த்தைய என்ற கையாலயே 100 சட்டையில அடிக்கோணும். வர்ற திங்கக்கெழமைக்குள்ள பதில் சொல்லோணும். வேலை கம்மியா இருக்கற மாசம், ஆறு பேருக்கும் சம்பளம் குடுக்கணும். நீங்க என்ன சொல்றீங்க? அதோட, சினிமாவுல இருந்து வர்ற கேலி நம்ம ஊட்டுக்குள்ள, வேலை செய்யற எடத்துல, எவ்வளவு தூரம் வந்துருக்குதுன்னும் பேசலாமுங்களா?

மேட்டாங்காடு

தம்பி, நான் காங்கயத்துப் பக்கம் வெவசாயி. மொதல்ல ஒண்ணு சொல்லறேன். நீங்க அந்தப் பையன நெனச்சு வெசனப்படறது நல்ல மனசு. ஆனா அதுக்காகக் காமெடி மேல பழி போடாதீங்க.

எங்கூருக்கு டூரிங் கொட்டாய் இருந்துச்சு. மணலக் குமிச்சு மேல உக்காந்து படம் பாத்த ஆளுங்க நாங்க. 1989-ல கரகாட்டக்காரன் வந்தப்ப, வாழைப்பழத்துக்கு ரெண்டு பேரு அடிச்சுக்கற அந்த ஒரு சீனுக்காகவே மூணு தடவ போனேன். அத எழுதுனது ஏ. வீரப்பன். கவுண்டமணி நம்ம உடுமலைப் பக்கம் வல்லக்குண்டாபுரத்துக்காரரு. அவரு வாயத் தொறந்தா எங்கப்பாரு களத்துமேட்டுல நின்னு பேசற மாதிரியே இருக்கும். அதுக்கு முன்னால நம்ம கொங்குப் பக்கத்துப் பேச்சச் சினிமாவுல யாரு மதிச்சாங்க?

அந்த வாய் செந்திலத் திட்டுச்சு, ஒத்துக்கறேன். அதே வாய் நெலக்காரப் பண்ணாடியத் திட்டுச்சு, கட்சிக்காரனத் திட்டுச்சு, போலிச்சாமியாரத் திட்டுச்சு. காட்டு வேலை முடிஞ்சு பொழுதோட ஊட்டுக்கு வந்து ரேடியோவுல, டிவியில அதக் கேட்டுச் சிரிக்கலைன்னா, மழை பொய்ச்ச வருசத்தையெல்லாம் எப்படித் தாண்டியிருப்போம்னு எனக்குத் தெரியல.

ஆர்டர எடுங்க. நீங்க விட்டா அடுத்த பட்டறையில அடிப்பான். ஆறு பேரு சோறு பெருசு.

வைகைக்கரை மருமக

நான் மதுரைக்காரி. கோபிச்செட்டிபாளையத்துப் பக்கம் வாக்கப்பட்டு 14 வருசம் ஆச்சு. வெளியில இருந்து வந்தவ கண்ணுல பட்டதச் சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க.

வந்த புதுசுல எங்கம்மாவுக்கு போன் பண்ணி, "இங்க சின்னப்புள்ளயக் கூட வாங்க போங்கன்னுதாம்மா கூப்பிடுறாக, அவ்வளவு மரியாதை"ன்னு பெருமையாச் சொன்னேன். ஒரு நா சாம்பார் வச்சேன். எங்க மாமியார் ரெண்டு வாய் சாப்பிட்டுட்டு மெதுவாக் கேட்டாக: "கண்ணு, நல்லாப் பண்ணிருக்கீங்க. கடையில உப்பு தீந்துபோச்சுங்களா?" நான் நெசமாவே "இல்ல அத்தை, ரெண்டு பாக்கெட் இருக்கு"ன்னேன். வீடே சிரிச்சுது. எங்கூர்ல கோவம் வந்தா குரல் ஏறும், இங்க மரியாதை ஏறும்னு அப்பத்தான் புரிஞ்சுது.

எங்க நாத்தனார் கல்யாணத்துக்குத் தாலி கட்டி, பந்தியும் முடியப்போற நேரத்துல ஒரு மாப்பிள்ளை வந்தாரு. வாசல்ல நின்ன பெரியவர் கையெடுத்துக் கும்பிட்டு, "வாங்க மாப்ள, அடுத்த கல்யாணத்துக்கு நேரத்துலயே வந்துட்டீங்க"ன்னாரு. வந்தவர் தலையக் குனிஞ்சு சிரிச்சுக்கிட்டே உள்ள போயி, பந்தியில பரிமாற நின்னுட்டாரு. அந்தக் கேலியில ஒரு சொல் அவர் உடம்பத் தொடல, நிறத்தத் தொடல. அவர் அன்னைக்குச் செஞ்ச காரியத்த மட்டும் தொட்டுச்சு. இந்த ஊர்க் குசும்புன்னா எனக்கு அதுதான் நெனப்புல வரும்.

இப்ப என் மகனுக்கு 11 வயசு. அவன் வாயில அவன் சொல்லே இல்ல. சோறு வேணும்னாலும் வசனம், வேணாம்னாலும் வசனம். போன மாசம் அவங்க அப்பாரு வீட்டுக்குப் பின்னால பொடக்காலியில பாசி வழுக்கி விழுந்துட்டாரு. சத்தம் கேட்டு மொதல்ல ஓடுனது இவன்தான். ஓடிப்போயி, காமெடியில யாராச்சும் விழுந்தா சொல்ற அந்த வசனத்தச் சொல்லிட்டான். வேணும்னு சொல்லல, வாயில வந்துருச்சு. அவரு வலியோட இவன நிமிந்து பாத்தாரு. அடுத்த நிமிசம் பய அழுதுக்கிட்டே அவரைத் தூக்குறான். ராத்திரி என்கிட்ட வந்து, "அம்மா, நான் ஏன் அப்படிச் சொன்னேன்?"னு கேட்டான். இன்னமும் அவனுக்குப் பதில் சொல்லல நானு.

பள்ளிக்கூடத்து அக்கா

மருமக சொன்னது எனக்கு நல்லாப் பிடிபடுது. நான் ஈரோடு மாவட்டத்துல ஆசிரியர்.

சொம்பு கதைய எடுத்துக்குங்க. நம்ம பக்கம் ஒறம்பரை வந்தா மொத வேலை சொம்புல தண்ணி கொண்டுபோயிக் குடுக்கறதுதான். வாங்கன்னு சொல்றதும் தண்ணி குடுக்கறதும் ஒட்டுக்கா நடக்கும். அனுப்பர்பாளையத்துப் பித்தளச் சொம்பு இல்லாத சீர்வரிசை எங்கம்மா காலத்துல கெடையாது. அப்புறம் ஆலமரத்தடி, ஜமக்காளம், பக்கத்துல ஒரு சொம்புன்னு சினிமாப் பஞ்சாயத்து வந்துச்சு. அதக் கேலி பண்ணி மீம் வந்துச்சு. இப்ப சொம்புன்னா இன்னொருத்தருக்கு ஜால்ரா போடற ஆளு. "சொம்பு தூக்கறான்"ங்கறது வகுப்புல தெனமும் காதுல விழுகுது. போன நோம்பிக்கு எங்க அம்மாயி, வந்தவங்களுக்குத் தண்ணி குடுக்க "அந்தச் சொம்ப எடுத்துட்டு வா கண்ணு"ன்னாங்க. என்ற அக்கா பையனுங்க மூணு பேரும் ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாத்துட்டு வெடிச்சுச் சிரிச்சாங்க. அம்மாயிக்கு ஒண்ணும் புரியல. சேலை வெலகியிருக்குதோன்னு குனிஞ்சு பாத்துக்கிட்டாங்க. எண்பது வயசு மனுசி அப்படிக் குனிஞ்சு பாத்தது எனக்கு மறக்க மாட்டேங்குது.

இன்னொண்ணு. 1995-ல சதிலீலாவதி வந்தப்ப கமலும் கோவை சரளாவும் பேசற பேச்சக் கேட்டு நாங்க துள்ளிக் குதிச்சோம், நம்ம பேச்சு படத்துல வருதேன்னு. அந்தப் பேச்சுல பாசமும் இருந்துச்சு. அதுக்கப்புறம் வந்த எத்தனையோ படத்துல "ஏனுங்"ன்னு ஒருத்தன் வாயெடுத்தாலே அவன் ஏமாளின்னு அர்த்தமாயிருச்சு. என்கிட்டப் படிச்ச பையன் ஒருத்தன் சென்னையில இஞ்சினியரிங் சேந்தான். லீவுக்கு வந்தப்பப் பாத்தா "ங்க" போடறதையே விட்டுட்டான். அங்க இவன் பேச ஆரம்பிச்சாலே நாலு பேரு சேந்து "ஏனுங்ணா"ன்னு இழுக்கறாங்களாம். அவங்க யாரும் இவனக் கேலி பண்றதா நெனக்கல. படத்துல வர்றதத்தான் சொல்றோம்னு நெனக்கறாங்க. தன்னோட அம்மாகிட்டப் பேசற பேச்ச அவன் மாத்திக்கிட்டான்.

நொய்யல்கரை அண்ணா, என்ற ஓட்டு வேண்டாம்ங்கறதுக்குத்தான்.

ரயிலடி

நான் கோவை. வயது எழுபதைத் தாண்டிவிட்டது, அதனால் கொஞ்சம் பழைய கதை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சினிமா ஏதோ மெட்ராஸிலிருந்து வந்து நம் பேச்சைக் கெடுத்த மாதிரி சிலர் எழுதுகிறீர்கள். அது நம் வீட்டுப் பிள்ளை. கோவையில் பிறந்த சாமிக்கண்ணு வின்சென்ட் திருச்சியில் ரயில்வே வேலையில் இருந்தார். 1905-ல் டுபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியை விலைக்கு வாங்கி, வேலையை விட்டுவிட்டு ஊர் ஊராகக் கூடாரம் போட்டுப் படம் காட்டினார். 1914-ல் அவர் இங்கே கட்டியதுதான் வெரைட்டி ஹால். தென்னிந்தியாவின் முதல் நிரந்தரத் திரையரங்குகளில் அது ஒன்று. அந்தத் தெருவுக்கு இன்றும் அதே பெயர்தான். எம்.ஜி.ஆர். கதாநாயகனாக நடித்த முதல் படமான ராஜகுமாரி 1947-ல் வந்தது, எடுத்தது கோவை சென்ட்ரல் ஸ்டுடியோவில். 1954-ல் மலைக்கள்ளன் எடுத்த பட்சிராஜா ஸ்டுடியோவும் இங்கேதான். சேலத்துக்காரர்களுக்கு அவர்கள் ஊர் மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டுடியோ பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

கேலியும் அப்படியே. 1925 மே 2-ல் ஈரோட்டில் குடி அரசு வார இதழ் தொடங்கியது. பெரியார் அதில் தன் பெயரில் எழுதியது போக, சித்திரபுத்திரன் என்ற புனைபெயரில் நையாண்டியாக எழுதியது தனி. சட்டமும் சாத்திரமும் சொல்லி வாதாடினால் நாலு பேர் கேட்பார்கள். சித்திரபுத்திரன் கேள்வி கேட்டால் திண்ணையில் படிக்கத் தெரிந்த ஒருவர் படிக்க, தெரியாத பத்துப் பேர் சிரித்துக்கொண்டே யோசிப்பார்கள்.

1994-ல் அமைதிப்படை படம் வந்தது. இயக்கிய மணிவண்ணன் சூலூர்க்காரர், நடித்த சத்யராஜ் கோவைக்காரர். ஓட்டு எண்ணும்போது நாற்காலி நுனியில் கூனிக்குறுகி உட்கார்ந்திருப்பவன், தன் ஓட்டு ஏற ஏறக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னுக்கு நகர்ந்து, கடைசியில் சாய்ந்து கால்மேல் கால் போடுகிற அந்தக் காட்சி! இன்றைக்கும் ஓட்டு எண்ணுகிற நாளில் எங்கள் டீக்கடை பெஞ்சில் யாராவது ஒருவர் அதைச் செய்து காட்டாமல் இருக்கமாட்டார்கள். ஒரு பதவிக்காரரைப் பற்றி நாலு பக்கம் பேசவேண்டியதை, பெஞ்சில் ரெண்டு அங்குலம் நகர்ந்து சொல்லிவிடுகிறோம். இதைச் சினிமா நமக்குக் கொடுத்தது, நான் நன்றியோடுதான் சொல்கிறேன்.

ஆகவே தம்பி, சட்டி என்ற சொல் யாரை நோக்கிப் போகிறது என்று பாருங்கள். நாற்காலியில் இருப்பவனையா, கைமடிக்க வந்த பிள்ளையையா?

மேட்டாங்காடு

ஐயா சொன்னது சரிங்க. ஆனா பள்ளிக்கூடத்து அக்காவுக்கு ஒரு கேள்வி. ஒவ்வொரு வார்த்தைக்கும் யாரு மனசு நோகும்னு கணக்குப் பாத்துட்டிருந்தா, அப்புறம் நாம பேசறது எப்படி? நாங்க கூட்டாளிங்க அஞ்சு பேரு. ஒருத்தன் சொட்டை, ஒருத்தன் குட்டை, நான் வாயாடி. முப்பது வருசமா ஒருத்தன ஒருத்தன் ஓட்டிக்கிட்டே இருக்கோம். எனக்கு நெஞ்சுவலி வந்து படுத்தப்ப ராத்திரி பூரா ஆஸ்பத்திரி வராந்தாவுல உக்காந்திருந்தது அந்தச் சொட்டையும் குட்டையுந்தான். அந்தக் கேலிய எடுத்துட்டா எங்களுக்குள்ள என்ன மிச்சம்?

பள்ளிக்கூடத்து அக்கா

அண்ணா, அவங்க உங்கள "வாயாடி"ன்னு திருப்பிச் சொல்லலாம். அந்தப் பையன் அயர்ன் மாஸ்டர என்னன்னு திருப்பிச் சொல்லியிருக்க முடியும்? மூணு வாரத்துக்கு முன்னால வந்த கைமடிப் பையன். நீங்க சொல்றது கூட்டாளிக்குள்ள ஓட்டிக்கறது. இது அது இல்லீங்களே.

ஓமலூரான்

எங்கய்யன் கூத்துல கட்டியங்காரன் வேசம் கட்டுனவரு. அதனால இதப்பத்தி எனக்குச் சொல்லறதுக்கு உண்டு.

ராசா வேசம் வர்றதுக்கு முன்னால கட்டியங்காரன்தான் சபைக்கு வருவான். ராசாவுக்குப் பராக்கு சொல்லற வேலைக்காரன் அவன். ஆனா துரியோதனன மூஞ்சிக்கு நேரா நின்னு கேலி பண்ணற உரிமை அந்த ராத்திரிக்கு அவன் ஒருத்தனுக்குத்தான். பாஞ்சாலி சேலைய உருவற துகில் கூத்துல, நூறு பேருக்கு அண்ணன்னு துரியோதனன் மார் தட்டுவான். எங்கய்யன் குறுக்க வந்து, "நூறு பேருக்கும் ரேசன் கார்டு ஒண்ணா, தனித்தனியாங்க மகாராசா?"ன்னு கேப்பாரு. மண்ணெண்ணெய்க்கு வரிசையில நின்னு அலுத்த சனம் கொட்டாய் அதிரச் சிரிக்கும்.

ஊரு ஆளுங்களுக்கு இது தெரியாது: எந்த ஊருக்குக் கூத்துக்குப் போனாலும் எங்கய்யன் பொழுது இருக்கவே போயிருவாரு. டீக்கடையில உக்காந்து விசாரிப்பாரு. ஏரியில தண்ணி இருக்குதா, தலைவரு எப்படி, பால் சொசைட்டியில காசு வந்துச்சா. இதெல்லாம் ராத்திரிக்குச் சரக்கு. அப்புறம் கொரலத் தாழ்த்திக் கேப்பாரு: சமீபத்துல சாவு விழுந்த ஊடு எது, புள்ள ஓடிப்போன ஊடு எது, கடன் ஏறி நெலத்த வித்தவன் யாரு. அது தொடக்கூடாததுக்கு. ஒரு ஊருல இத விசாரிக்காம ஏறி, பொண்ணு ஓடிப்போறதப் பத்தி ஒரு வார்த்த சொல்லிட்டாரு. முன்வரிசையில ஒரு ஆளு எந்திரிச்சு துண்ட உதறித் தோள்ல போட்டுட்டு இருட்டுக்குள்ள நடந்து போனாரு. வேசத்தக் கலைச்சதும் எங்கய்யன் அந்த ஊட்டத் தேடிப் போயி, விடியற வரைக்கும் திண்ணையில உக்காந்திருந்தாரு. சாகற வரைக்கும் அந்த ஊரு பேர எங்க ஊட்ல சொல்லமாட்டாரு.

பழைய கூத்துல எல்லாமே சுத்தம்னு நான் சொல்லல. ஊனத்தக் கேலி பண்ணுனது உண்டு, பொம்பளைகளக் கூசற மாதிரிப் பேசுனதும் உண்டு. ஆனா எதுத்தாப்புல ஆளு இருந்தாங்க. எந்திரிச்சுப் போனது கண்ணுக்குத் தெரிஞ்சுது. சினிமாவுல சொன்னவருக்கு, கம்பெனியில இருந்த அந்தப் பையன் மூஞ்சி எப்படித் தெரியும்? அது உங்களுக்குத்தானுங்க தெரிஞ்சுது.

செக்கிங் டேபிள்

எல்லாரும் பெரிய பெரிய விசயம் பேசறீங்க. நான் செக்கிங்ல நிக்கறவ. என்ற அனுபவம் வேற மாதிரி.

எங்க கம்பெனியில ஷிப்மென்ட் நேரத்துல ஒன்றரை ஷிப்ட் ரெண்டு ஷிப்டாயிரும். நின்னு நின்னு காலு வீங்கிப் போகும். "முடியலைங்க"ன்னு சூப்பர்வைசர்கிட்ட நேராச் சொன்னா, "நாளைக்கு வரவேண்டாம்"பாங்க. ஒரு நா ராத்திரி பதினொரு மணி. எங்க லைன்ல ஒரு அக்கா, வாயாலயே ஒண்ணும் சொல்லாத ஆளு. வடிவேலு வலிக்காத மாதிரியே நடிச்சுட்டு, கடைசியில தாங்காமச் சொல்லற வசனம் ஒண்ணு இருக்குதுல்ல, அத அப்படியே அந்தக் கொரல்ல சொல்லிட்டாங்க. ஒரு நிமிசம் யாரும் மூச்சு விடல. அப்புறம் மொத்த லைனும் சிரிச்சுது. சூப்பர்வைசரும் சிரிச்சுட்டாரு. சிரிச்ச மொகத்தோட திட்ட முடியாது பாருங்க. பன்னண்டு மணிக்கு வண்டி விட்டுட்டாங்க.

அந்த அக்காகிட்டச் சொந்தமா வார்த்தை இருந்தாலும் சொல்லியிருக்க முடியாது. வடிவேலு சொன்னதாச் சொன்னதாலதான் சொல்ல முடிஞ்சுது. எங்கள மாதிரி ஆளுங்களுக்கு இந்த வசனமெல்லாம் ஒரு மறைப்பு. அதையும் மனசுல வெச்சுப் பேசுங்க.

ஆனா சட்டி மட்டும் வேண்டாமுங்ணா. நானும் கருப்பு. எனக்குச் செக்கிங்ல வெச்ச பேரு என்னன்னு இங்க எழுத மாட்டேன்.

குழிமூடி

வணக்கம்ணா, வணக்கம்க்கா. நான் மீம் போடற பையன். எங்க ஊரு பேர்ல பக்கம் ஒண்ணு நடத்தறேன்.

2019 மே கடைசியில நேசமணி டிரெண்ட் ஆனப்ப எனக்குப் பதினஞ்சு வயசு. யாரோ எங்கயோ ஒரு முகநூல் பக்கத்துல சுத்தியல் படத்தப் போட்டு, உங்க ஊர்ல இதுக்கு என்ன பேருன்னு கேக்க, நம்மாளு ஒருத்தரு 2001-ல வந்த ப்ரண்ட்ஸ் படத்துல நேசமணியா வர்ற வடிவேலு தலையில அது விழுந்த கதையச் சொல்ல, ரெண்டு நாள்ல உலகமே நேசமணிக்காக வேண்டிக்கிச்சு. நம்ம ஊட்டுக்குள்ள சிரிச்ச சிரிப்பு அவ்வளவு தூரம் போகும்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. அதுக்கப்புறம்தான் நான் ஆரம்பிச்சேன்.

எங்கூரு பஸ் ஸ்டாண்டு முன்னால ஒரு குழி, எட்டு மாசமா இருந்துச்சு. மனு குடுத்தவங்க குடுத்துட்டே இருந்தாங்க. நான் அந்தக் குழிக்குப் பொறந்தநாள் கொண்டாடி, காமெடி நடிகருங்க எல்லாம் வரிசையா வந்து வாழ்த்தற மாதிரி மீம் போட்டேன். ஊரு வாட்ஸ்ஆப் குரூப் பூராச் சுத்துச்சு. ஒம்பதாவது நாள் ஜல்லி வந்து எறங்குச்சு. மீமாலதான்னு நான் சொல்லல, ஆனா தார் ஊத்துனவங்களே என்னப் பாத்துச் சிரிச்சாங்க. என்ற பேருக்குக் காரணம் அதுதான்.

சேத்துச் சொல்லணும்: அதே கையால வகுப்புல திக்கிப் பேசற ஒருத்தன வெச்சும் ஒண்ணு போட்டேன். குழிக்கு வந்தத விட அதுக்குத்தான் லைக் எச்சு. ஒரு வாரம் கழிச்சுத்தான் எடுத்தேன். அவன் அதுக்கப்புறம் செமினார்ல எந்திரிக்கவே இல்ல. மன்னிப்புக் கேட்டேன், "பரவால்லடா"ன்னான். பரவால்லங்கறப்பவும் திக்கிச்சு.

அண்ணா, அந்தப் பையன் பேரு என்னங்ணா? நீங்க எங்கயுமே எழுதலையே.

நொய்யல்கரை

தம்பி, உங்க கேள்விய முந்தாநேத்தே பாத்தேன். பதில் எழுத முடியல.

அவன் பேரு எனக்கு நெனப்பு வரல. ரெண்டு நாளா யோசிக்கறேன். அவன் நின்ன எடம், போட்டிருந்த காக்கிக் கால்சட்டை, பேனாவப் பிடிச்ச வெரலு, எல்லாம் வருது. பேரு மட்டும் வரமாட்டேங்குது. வந்த அன்னைக்கு அவன் சொல்லியிருப்பான். அஞ்சு நிமிசத்துல நான் வேற பேரு வெச்சுட்டேன்.

மேட்டாங்காடு

தம்பி, நான் மொதல்ல எழுதுனதுல ஆர்டர எடுங்கன்னதத் திரும்பி வாங்கிக்கறேன்.

நொய்யல்கரை

திங்கக்கெழம நடந்ததச் சொல்லிர்றேனுங்க. அஞ்சு டிசைனுக்கு பிரிண்ட் அடிக்கற வலையில படம் ஏத்தி, வலைச் சட்டத்தக் கழுவி வெயில்ல சாத்தி வெச்சிருந்தேன். ஆறாவது ஃபிலிம் கவர்லயே இருந்துச்சு. பார்ட்டி வந்து எண்ணிப் பாத்துட்டு, "ஒண்ணு கொறையுதே"ன்னாரு. நான் 2003 கதையச் சொன்னேன். நின்னு முழுசும் கேட்டாரு. கோவப்படல. "உங்க மனசு எனக்குப் புரியுதுங்க. ஆனா கடைக்காரங்க கேக்கறதே அந்த ஆறாவதத்தான்"ன்னு சொல்லி ஃபிலிம வாங்கிட்டுப் போயிட்டாரு. வேற பட்டறையில அடிப்பாரு. 500 பீஸ் நம்மகிட்டயே இருக்கு, ஆளுங்களுக்கு இந்த மாசச் சம்பளம் ஆயிரும்.

நேத்து சாயங்காலம் அந்தக் கம்பெனியில அப்ப கட்டிங் மாஸ்டரா இருந்தவரத் தேடிப் போனேன். வயசாயி, அனுப்பர்பாளையத்துல மகன் ஊட்ல இருக்காரு. காது கொஞ்சம் மந்தம். தைப்பூசம், மொட்டை, கைமடி, மூணு வாரம்னு சத்தமாச் சொல்லிட்டே வந்தேன். யோசிச்சுட்டே இருந்தவரு டக்குனு மொகம் மலந்து, "யாரு, சட்டியா?"ன்னாரு.

அவருக்கும் பேரு தெரியல. சேவூர்ப் பக்கம்னு மட்டும் நெனப்பிருக்குதுன்னாரு. அவங்கப்பா ஆடு வெச்சிருந்தாராம், அவிநாசிச் சந்தைக்கு ஓட்டிட்டு வருவாராம்.

செக்கிங் டேபிள்

அண்ணா, சேவூர்ல என்ற பெரியம்மா ஊடு இருக்குது. ஞாயித்துக்கெழம போறேன். ஆடு வெச்சிருந்த குடும்பம், மூத்த பையனா எளைய பையனான்னு ஏதாச்சும் தெரியுமுங்களா?

நொய்யல்கரை

தெரியாதுங்க அம்மிணி. 2003-ல பதினெட்டு வயசு, அந்த வருசத் தைப்பூசத்துக்கு நடந்து போனவன். வலது புருவத்துக்கு மேல ஒரு தழும்பு இருக்கும். சட்டின்னு மட்டும் சொல்லிக் கேக்காதீங்க.